புகழ்ந்த நூலும் புகழாத நூலும்

நமக்கு உறவான ஒரு குடும்பத்திலே உயர்தர வகுப்பிற் பயிலும் பையன் ஒருவன் இருக்கின்றான். சில மாதங்களுக்கு முன்னர் அவனுடைய பெரியப்பா, கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் வாங்கிவந்து அவன் கையிற் கொடுத்தார். இதை வாசியாதவன் தமிழனே அல்லன் என்பது அவர் கூடக் கொடுத்த வாழ்த்துரை. பையன் முதலிரண்டு பாகங்களை எவ்வாறோ கடந்தான். மூன்றாம் பாகத்தின் நடுவே நின்றுவிட்டான். நின்றுவிட்டதை வெளியிற் சொல்லவும் அஞ்சினான். பெரியப்பா வரும் நாளில் ஐந்தாம் பாகத்தை மேசைமீது விரித்து வைத்திருப்பான் என்று அவன் தாயார் சிரித்துக்கொண்டே நம்மிடம் கூறினார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், தனிமையிலே அவன் நம்மிடம் சொன்னது வேறொன்று. “எல்லோருக்கும் பிடித்த புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை, எனக்கு வாசிக்கத் தெரியாது போலும்” என்றான். நூலிற் குறை காணாது தன்னிடத்தே குறை கண்டுவிட்டான் அப்பிள்ளை. இக்கட்டுரை எழுந்தது அச்சொல்லினால்.

பெரியப்பா பொய் கூறினார் என்று எவரும் எண்ணுதல் கூடாது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழிலே தொடர்ந்து வெளிவந்த கதை. ஓர் அத்தியாயத்தின் முடிவிலே வந்தியத்தேவன் ஏதாவதோர் ஆபத்தில் அகப்பட்டுக்கொள்வான். அவன் எவ்வாறு தப்புவான் என்று வாசகர் வாரக்கணக்கில் வாதாடுவர். இதழ் வீட்டுக்கு வந்ததும் அதனை முதலில் யார் வாசிப்பது என்பதிலே ஒரு சச்சரவு எழும். பெரியப்பா அந்நாளிற் சிறு பிள்ளை. தாயார் உரத்து வாசிக்க, அருகே படுத்துக் கேட்டவர். அவர் புகழ்வது நூலை மட்டுமா? அந்தக் காத்திருப்பையும் தாயாரின் குரலையும் சேர்த்தே புகழ்கின்றார். அவை இரண்டையும் புத்தகத்தோடு வைத்துக் கட்டிக்கொடுக்க எந்தக் கடைக்காரராலும் இயலாது. ஒரு வாரம் தாங்குவதற்கென்று போட்ட முடிச்சுக்களை ஒரே மூச்சில் நூற்றுக்கணக்காக அவிழ்க்கப் புகுந்த பையனுக்குக் கை சலித்ததில் வியப்பென்ன?

புகழ்ச்சியிலே இன்னொரு வகையும் உண்டு. அது ‘முதல்’ என்னும் சொல்லாற் செய்யப்படுவது. தமிழின் முதல் நாவல் என்று நாம் பாடசாலையிலே மனனஞ் செய்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை நகைச்சுவை மிக்கவர். ஆயினும் கதை சூடேறும் வேளையிலெல்லாம் அவர் கதையை நிறுத்திவிட்டு நீதி சொல்லத் தொடங்கிவிடுவார். இளமையில் அந்நூலை நாம் எடுத்ததும் வைத்ததும் பலமுறை. முதலாவது என்பது ஆண்டுக் கணக்குப் பற்றிய செய்தி. அதனைச் சுவை பற்றிய செய்தியாகக் கொண்டது நமது பிழை.

இந்த மனக்கசப்போடு, அதே காலத்து நூலென்று நாம் நெடுநாள் தொடாது விட்டது பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’. 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ என்னும் மாத இதழிலே அது வெளிவந்தபோது, ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்ற ஒரு தலைப்பும் அதற்கு முன்னால் நின்றது. இத்தலைப்பைக் கண்டு ஓடாதவர் எவர்? ஒரு மாரிகாலத்து மாலையிலே, வேறு நூல் எதுவும் கைக்கு எட்டாத குறையினால் அதனை விரித்தோம். நள்ளிரவுவரை கீழே வைக்கவில்லை. சிறுகுளம் என்னும் கிராமம். அங்கே கூடி ஊர்வம்பு அளக்கும் பெண்கள். ஆடுசாபட்டி அம்மையப்பப் பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதர். இப்பண்டிதரைப் போன்றவர் ஒருவரிடம் நாமே பாடங் கேட்டிருக்கின்றோம் என்று தோன்றியதும், தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தோம். பிற்பகுதியிலே கதை வேதாந்தத்தின் பக்கம் சாய்கின்றது என்பது உண்மையே. நம் சுவைக்கு அங்கே சற்றுத் தளர்வும் தெரிந்தது. எனினும் இதனை எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது 21 என்பதையும், 1898ஆம் ஆண்டிலே 26 வயதில் அவர் மறைந்தார் என்பதையும் பின்னர் அறிந்தபோது, இத்தனை நாள் அந்நூலை ஒதுக்கி வைத்திருந்த நம் அலட்சியத்துக்கு நாணினோம். இதை வாசி என்று நமக்கு ஒருவரும் சொன்னதில்லை. அதனாலேயே அது முழுவதும் நமக்கே உரிய செல்வம் போலாயிற்று.

பையனிடம் மீள்வோம். அவனுக்குத் துணையாக நிற்கத்தக்க மிகப் பெரியவர் ஒருவர் உளர். ருஷ்ய நாட்டு டால்ஸ்டாய் தாம் ஷேக்ஸ்பியரைப் படித்து அடைந்த ஏமாற்றத்தை ஒரு நீண்ட கட்டுரையாகவே எழுதினார். அது 1906ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகமெல்லாம் போற்றும் அந்நாடகங்களைப் பேரின்பம் பெறுவோம் என்று எடுத்தாராம். பெற்றது சலிப்பும் வெறுப்பும். தவறு தம்முடையதோ என்று ஐயுற்று ஐம்பது ஆண்டுக் காலமாக ருஷ்ய மொழியிலும், ஆங்கிலத்திலும், ஜெர்மன் மொழிபெயர்ப்பிலும் திரும்பத் திரும்பப் படித்தார். 75 வயதில் யாவற்றையும் மீண்டும் ஒருமுறை படித்தார். முடிவு மாறவில்லை. ‘லியர் அரசன்’ நாடகத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்து, இக்கிழவன் நாட்டைத் துறப்பதற்குத் தக்க காரணமே இல்லை என்றார். ஷேக்ஸ்பியருக்கு முன்னிருந்த, ஆசிரியர் பெயர் தெரியாத பழைய லியர் நாடகமே மேலானது என்றும் தீர்ப்பளித்தார்.

பிடிக்கவில்லை என்பதை உலகின் முன்னிலையிற் சொல்லிய அத்துணிவையும், சொல்லுமுன் அரை நூற்றாண்டு பொறுத்த அப்பொறுமையையும் நாம் வணங்குகின்றோம். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஏன் பிடித்தது என்ற வினாவுக்கு, அது ஒருவகைத் தொற்றுநோய் போன்ற மயக்கம் என்றார்; ஒல்லாந்தர் ஒருகாலத்திற் றூலிப் மலர்களின்மேற் கொண்ட பித்தைப் போன்றது என்றார். தம் நாவுக்குச் சுவைக்காதமையால் விருந்துண்ட அனைவரும் மயங்கியவர் என்பது எவ்வாறு பொருந்தும்? அதே ஷேக்ஸ்பியரை நம் ஈழத்து விபுலாநந்த அடிகள், 1926ஆம் ஆண்டில் வெளியான ‘மதங்க சூளாமணி’யிலே தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்பவைத்து ஆராய்ந்தார். அவரை மயங்கியவர் என்று எவர் சொல்லுவர்?

ஜோர்ஜ் ஓர்வெல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1947ஆம் ஆண்டில் இதற்கு மறுமொழி எழுதினார். உடைமைகளைத் துறந்து, முதுமையிலே வீட்டைவிட்டு வெளியேறி, 1910ஆம் ஆண்டில் அஸ்தாபோவோ என்னும் சிற்றூர்ப் புகையிரத நிலையத் தலைவரின் மனையிலே உயிர்விட்ட டால்ஸ்டாயின் வாழ்வுக்கும் லியரின் கதைக்கும் உள்ள ஒற்றுமையை அவர் எடுத்துக்காட்டினார். அக்கதை மனத்தின் நோயுள்ள இடத்தைத் தொட்டதாலேயே அவர் அதனை வெறுத்தார் போலும் என்பது ஓர்வெலின் கருத்து.

ஏமாற்றத்தை வேறு வழியால் வென்றவர் நம்மவருள்ளே ஒருவர் இருக்கின்றார். 1880ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியர், வயது 25. சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முனிசீப்பு அவரிடம் என்னென்ன படித்திருக்கின்றீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, புராணம் என்று பெரும் பட்டியலையே ஒப்புவித்தார். இவற்றாற் பயன் என்ன என்ற பாங்கிலே விடை வந்தது; சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்ற கேள்வியும் உடன் வந்தது. படித்ததில்லை. முதலியார் கொடுத்த பிரதியைக் கொண்டுபோய்த் திறந்தால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கருக்கே பல இடங்கள் விளங்கவில்லை!

விளங்கியதாக அவர் நடிக்கவில்லை. நூல் தகாதது என்று மூடிவைக்கவும் இல்லை. அது சமணருடைய காவியமாதலால், அவ்வூரிலே அதனைப் பரம்பரையாக ஓதிவந்த சமணர் வீடுகளைத் தேடிச்சென்று, அறியாதவராக அமர்ந்து கேட்டார். 1887ஆம் ஆண்டிலே சிந்தாமணி அவருடைய பதிப்பாக அச்சேறியது.

நாம் இக்கதையைப் பையனுக்குச் சொல்லவில்லை. அவன் பெரியப்பாவுக்குச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். அடுத்த ஞாயிறன்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பையன் பஸ் ரிக்கற்றை அடையாளமாக வைத்திருந்த மூன்றாம் பாகத்தை எடுத்துத் தாமே உரத்து வாசிக்கத் தொடங்கினாராம். வாரம் இரண்டு அத்தியாயம் என்பது ஏற்பாடு. பையனுக்கு இப்போது பிடித்திருக்கின்றதா என்று நாம் கேட்கவில்லை. நமது ‘கமலாம்பாள் சரித்திர’த்தை மாத்திரம் அவன் கொண்டுபோய் மூன்று வாரமாகின்றது; இன்னும் திரும்பி வரவில்லை.