கல்லுக்கு ஒரு சோதனை

எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்துக்குத் தளக்கல் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. பணமோ ஊரார் சிறுகச் சிறுகச் சேர்த்தது. கடையிலே கண்ணாடிபோல் மினுங்கிய கரும்பலகையைக் கண்டேன், "கிரனைற்" என்றார் வியாபாரி, நம்பிவிட்டேன். ஆண்டொன்று கழியுமுன்னரே, வெட்டிய தேசிக்காய் வைத்த இடமெல்லாம் வெளிறிய வட்டங்கள் தோன்றின!

பார்க்க வந்த முதிய சிற்பாசாரியார் கேட்டார்: "தம்பி, கல்லைக் கண்ணாலை பார்த்தீர்; காதாலை கேட்டீரோ?"

ஓசையைக் கொண்டு கல்லை ஆண்கல், பெண்கல், அலிக்கல் என வகுப்பது நம் சிற்ப மரபு. தட்டும்போது மணிபோல் ஒலித்தால் கல் இறுகியது. ஒலி மந்தமாய் அடங்கினால் உள்ளே வெடிப்பிருக்கலாம்.

ஆனால், என் கல்லின் குற்றம் வேறு. உண்மைக் கிரனைற் குவாட்சு, பெல்ஸ்பார், மைக்கா முதலியன இறுகி அமைந்தது. தேசிக்காய்ப் புளிப்பு அதனை எளிதில் தீண்டாது. சுண்ணாம்புக்கல்லையோ அது அரித்துவிடும். மினுக்கிய கரிய கல்லையெல்லாம் "கிரனைற்" என்றழைப்பது வணிக வழக்கேயன்றி, நிலவியல் வழக்கன்று.

ஆய்வுகூடத்தார் உலர்த்திய கல்லை நிறுத்து, 48 மணி நேரம் நீரில் அமிழ்த்தி, மீண்டும் நிறுப்பர். அமெரிக்க நியமப்படி, கட்டடக் கிரனைற் உறிஞ்சும் நீர் அதன் நிறையில் 0.4 சதவீதத்தை மிஞ்சலாகாது. அதாவது, ஒரு கிலோக் கல்லுக்கு நான்கு கிராம். அமுக்கத்தைத் தாங்கும் வலுவையும் அளப்பர். இரும்புக் கந்தகம் கலந்த கல்லாயின், ஈரம் பட்டுத் துருக்கறை படியும், அதனையும் கவனிப்பர்.

இத்தகைய தவறு பெருநகரங்களிலும் நேர்ந்ததுண்டு. சிக்காகோவில் 1973இல் நிறைவுற்ற 83 மாடிக் கோபுரமொன்றுக்கு இத்தாலியச் சலவைக்கல்லை மெல்லிய பலகைகளாகப் போர்த்தினர். வெயிலிலும் குளிரிலும் அவை வளைந்தன. 1990 முதல் 1992 வரையில் அனைத்தையும் அகற்றி, வெண்கிரனைற் பதித்தனர்.

எங்கள் மண்டபத்துக்குப் புதுக்கல் வாங்கியபோது, முதலில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கினோம். ஆசாரியார் தட்டிக் கேட்டார். நான் தேசிக்காய் பிழிந்து அரைமணி காத்திருந்தேன். பின்னர் நீரிலிட்டு நிறுத்தோம். செலவு ஒரு தேசிக்காயும் இரண்டு நாட்களுமே.

பழைய பலகைகளுக்கான பணத்தை நானே கோவிலுக்குக் கட்டினேன். அவற்றுளொன்று இன்று என் வீட்டு வாசற்படி. அதன் வெளிறிய வட்டத்தைக் காணும்போதெல்லாம், பிறர் பணத்தில் பொருள் வாங்குவோன் மினுக்கத்தைச் சாட்சியாகக் கொள்ளலாகாது என்பது நினைவுக்கு வருகிறது.