மூடிய முற்றங்கள்

நாகர்கோவில் புறநகரில் அண்மையில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குச் சென்றிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நெல் விளைந்த நிலம். இன்று அதன் நடுவே ஏறத்தாழ ஆறாயிரம் சதுர அடியில் ஒரு மாளிகை. வாசலின் இருபுறமும் பாலித் தீவு விடுதிகளின் படங்களில் காணப்படும் அலங்காரப் பனைகள். உள்ளே நுழைந்ததும் நடுமுற்றம். அதன் நான்கு மூலைகளிலும் கடைந்தெடுத்த மரத்தூண்கள். பூதப்பாண்டிப் பக்கம் இடிக்கப்பட்ட ஒரு பழைய வீட்டிலிருந்து வாங்கியவை என்றார் வீட்டுக்காரர். முற்றத்தின் தலைமேல், மழையும் காக்கையும் வராமல் இருக்க, தடித்த கண்ணாடி. பகல் பதினொரு மணிக்கு அந்த முற்றத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. "ஏ.சி.யைக் கூட்டச் சொல்லுகேன் அண்ணாச்சி" என்று அவர் உள்ளே போனார்.

குமரி மாவட்டத்தில் வசதி படைத்தோர் கட்டும் வீடுகளில் இன்று ஓங்கியிருக்கும் பாணி இதுதான். சாய்வான ஓட்டுக்கூரை, நடுமுற்றம், பளபளக்கும் சிமென்ட் தரை, பழைய மரக்கதவு, வானம் பார்த்த குளியலறை, வீட்டை ஒட்டிய நீச்சல்குளம். வெப்பமண்டலத் தீவுகளின் சொகுசு விடுதிகளிலிருந்து எடுத்ததாகக் கட்டட வடிவமைப்பாளர்களின் விளம்பரங்கள் கூறுகின்றன. ஆனால் இப்பாணியின் உயிர்நாடியான கூறுகள் தக்கலைக்கு அருகிலேயே, பத்மநாபபுரத்தில், நானூறு ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றன. இரவல் வாங்கியது நம் பொருளையே என்பதுகூடப் பெரிதல்ல. தோற்றத்தை வாங்கிக்கொண்டு, அது இயங்கும் முறையை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பதே என் கவலை.

இயங்கும் முறையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். குமரி முனை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ எட்டு டிகிரியில் உள்ளது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. ஆகஸ்ட் முடிவை ஒட்டி மீண்டும் ஒருமுறை வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் நமக்கு வடக்கிலிருந்து விழுகிறது. ஆகவே தெற்குச் சுவருக்கு மட்டும் நிழல் தந்தால் போதாது. நான்கு சுவர்களுக்கும் இறவாரம் வேண்டும். எல்லாவற்றையும்விட அதிக வெயிலைத் தாங்குவது கூரை. வட மாவட்டங்களின் நாற்பது டிகிரி வெயில் இங்கு அரிது. நம்மை வாட்டுவது காற்றிலுள்ள ஈரம். பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வேறுபாடு குறைவு என்பதால், இராஜஸ்தானத்துக் கோட்டைகளைப் போலத் தடித்த சுவரை மட்டும் நம்பிக் குளிர்ச்சி பெற இயலாது. வியர்வை உலரக் காற்று ஓட வேண்டும். அதே சமயம் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழையை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விட வேண்டும். இந்த ஊரின் வீட்டுக் கலை முழுவதும் இந்த ஒரே சிக்கலுக்குத் தேடிய விடைதான்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு முதன்முறை செல்வோர் பலரும் சிறிது ஏமாற்றம் அடைவதைக் கண்டிருக்கிறேன். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைப் பார்த்த கண்ணுக்கு இது அரண்மனையாகவே தோன்றுவதில்லை. தாழ்ந்த வாயில்கள், குறுகிய மரப்படிகள், அடக்கமான அறைகள். 1601-ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிவாக்கப்பட்ட அரண்மனை இது. அந்நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. 1956-இல் மாநில எல்லை மாறியபின் நிலம் தமிழ்நாட்டில் இருக்க, அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை.

அதன் மந்திரசாலையில் வெயில் நேரத்தில் அரை மணி நேரம் அமர்ந்து பாருங்கள். சுவருக்குப் பதில் சாய்வான மரச் சட்டங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. வெயிலும் சாரலும் அந்தச் சாய்வில் தடைபடுகின்றன. காற்று மட்டும் நுழைகிறது. உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. பலகணிகளில் பதித்த வண்ண மைக்காத் தகடுகள் ஒளியின் கூர்மையை மழுக்குகின்றன. கறுத்து மின்னும் தரை சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு முதலியவை சேர்ந்த கலவை என்பர். தாய்க் கொட்டாரத்தின் நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் கூரை தோளளவுக்கு இறங்கி வருகிறது. அரசன் செலவிட்ட பணம் உயரத்துக்கும் பரப்புக்கும் போகவில்லை. நிழலுக்கும் காற்றுக்கும் போயிருக்கிறது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் நாஞ்சில் நாட்டு நிலக்கிழார்கள் கட்டிய வீடுகள் இதே இலக்கணத்தின் சிறிய வடிவங்கள். படிப்புரை, திண்ணை, முற்றம், அரங்கு, அடுக்களை. நெல் கொட்டிவைக்கப் பத்தாயம். தேக்கும் அயினியும் பலாவும் உத்தரமாகவும் கழுக்கோலாகவும் ஆயின. ஓடுகளின் இடுக்குகள் வழியே சூடான காற்று தானாக மேலேறி வெளியேறும்; அந்த இடத்தை நிரப்பத் திண்ணைப் பக்கத்திலிருந்து நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே வரும். முற்றம் இந்த ஓட்டத்தின் மூக்கு. இரவில் வானைப் பார்த்துத் தன் வெப்பத்தை இழந்து, விடியற்காலைக் குளிர்ச்சியை நெடுநேரம் பிடித்துவைக்கும். அதன்மேல் கண்ணாடி போடுவது மூக்கைப் பொத்துவது போன்றது. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே பிறந்த வெப்பத்தை வெளியே விடாது. ஊர்வாசியின் முற்றம் அப்போது நாற்றங்கால் கூடாரமாகிவிடுகிறது.

பழைய வீடுகளைப் பொற்காலமாக்கிப் பாடும் வழக்கம் எனக்கில்லை. அரங்கு இருட்டு, அடுக்களை புகை. வீட்டின் குளிர்ச்சி திண்ணைக்குக் கிடைத்த அளவு, அடுப்படியில் நின்ற பெண்களுக்குக் கிடைக்கவில்லை. படிப்புரையைத் தாண்ட எவருக்கு உரிமை என்பதைச் சாதி தீர்மானித்தது. ஆண்டுதோறும் ஓடு மாற்ற வேண்டும். கரையானை விரட்ட வேண்டும். மருமக்கள் வழி முறைக்கு 1920-களில் சட்டம் முடிவு கட்டத் தொடங்கியதும் கூட்டுக் குடும்பங்களின் சொத்துகள் பாகம் பிரிந்தன. கவிமணி எள்ளி நகையாடிய அந்த முறை ஒழிந்தது நல்லதே. ஆனால் நான்கு பேருக்குப் பங்கான ஒரு நாலுகட்டு வீடு, முற்றத்தின் குறுக்கே சுவர் எழும்பியவுடன் வீடாக இயங்குவதை நிறுத்திவிடும். பிறகு அது மனையாகவும் மரமாகவும் விலைபோகும்.

அப்படிப் பிரிந்து கிடந்த இலக்கணத்தைப் புதிய காலத்துக்கு மாற்றி எழுதியவர் சென்னையைவிட நமக்கு அருகில் இருக்கும் கொழும்பைச் சேர்ந்தவர். ஜெஃப்ரி பாவா (1919–2003) சட்டம் படித்துவிட்டுப் பின்னர் கட்டடக் கலைக்கு வந்தவர். அவர் தொழிலில் ஊன்றிய 1960-களில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. கண்ணாடியும் எஃகும் எளிதில் கிடைக்கவில்லை. உள்ளூர் ஓடு, கருங்கல், செங்கல், மரம் ஆகியவற்றையே நம்ப வேண்டியிருந்தது. 1962-இல் அவர் முடித்த எனா டி சில்வாவின் வீடு, கொழும்பின் சுருங்கிய மனையில் முற்றங்களை நடுவில் வைத்து உள்நோக்கித் திரும்பிய நவீன வீடு. அதே கொள்கை பெந்தோட்டையின் விடுதிக்கும், 1970-களில் பாலித் தீவின் பத்துஜிம்பாருக்கும் சென்றது. சென்னை கன்னிமாரா விடுதியிலும் மதுரை கிளப்பிலும் அவர் கைவண்ணம் உண்டு. இன்று உலகம் 'தீவுச் சொகுசு' என்று விலை கொடுத்து வாங்குவதில் பெரும்பங்கு, ஒரு வறிய காலம் கட்டாயப்படுத்திய சிக்கனத்தில் விளைந்தது.

திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் இதையே ஏழை எளியோருக்குச் செய்து காட்டினார். சுவரில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கினால் சாளரச் செலவும் மிச்சம், காற்றும் உண்டு என்ற அவருடைய எளிய உத்தி, மந்திரசாலை மரச் சட்டங்களின் செங்கல் வடிவம்தான். நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் அவர் கட்டிய வீடுகள் இருந்தும், நம் செல்வந்தர்களின் கண்ணுக்கு அவை மலிவாகப்பட்டன.

இப்போது கட்டப்படும் வீடுகளில் நான் காணும் பிழைகள் பெரும்பாலும் ஒரே வகையினவே. கூரை சாய்வாக இருக்கும். ஆனால் அது சாய்வாக வார்த்த கான்கிரீட். ஓடு அதன்மேல் ஒட்டிய அலங்காரம். பகலில் குடித்த வெயிலை அது இரவு முழுவதும் படுக்கையறைக்குள் கக்கும். வரவேற்பறை இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பும். உச்சியில் வெப்பம் வெளியேற ஒரு துளையும் இராது. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடியாகும், கடலோ மலையோ தெரிய வேண்டுமாம். மாலை நான்கு மணிக்கு அக்கண்ணாடியைத் திரைச்சீலை மூடியிருக்கும். கடலை ஒட்டிய மனைகளில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையே அரித்து, சில ஆண்டுகளில் கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து விழத் தொடங்குகிறது. குடிசைக்கும் மாளிகைக்கும் அந்தக் காற்றிடம் வேறுபாடு இல்லை.

வீட்டுக்காரரின் மின்கட்டணம் அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் மக்கள்தொகை அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்தைத் தாண்டிய மாவட்டத்தில் ஆறாயிரம் சதுர அடி வீடு எங்கிருந்து நிலம் எடுக்கும்? திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்த வயல்களிலிருந்துதான். பேச்சிப்பாறை அணையின் கால்வாய்களும் சங்கிலித் தொடராக நீர் பகிர்ந்த குளங்களும் வகுத்த சமவெளி அது. சுசீந்திரம் – தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அவற்றின் கரைப்பக்கம் 'நீர்நிலைக் காட்சி' என்றே மனைகள் விலைபேசப்படுகின்றன. வயலை மேடாக்கும் மண்ணும், அடித்தளத்துக்கான கல்லும், பூச்சுக்கான எம்-சாண்டும் மலைகளிலிருந்து வர வேண்டும். 2021 நவம்பர் வெள்ளத்தின்போது மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. மேடாக்கிய மனை தப்பியிருக்கலாம். அது இடம் மறுத்த நீர் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். காற்றை உள்ளே அழைக்கத் தெரிந்த பழைய கட்டுமானம், நீர் போகும் வழியையும் அறிந்திருந்தது. வீடுகள் மேட்டில் நெருக்கமாக நின்றன, பள்ளம் நெல்லுக்கு.

புதுமனை விழாவில் பந்தி முடிந்தபின், தூண்களைப் பொருத்திய ஆசாரியிடம் அந்த முற்றத்தைப் பற்றிக் கேட்டேன். எழுபது வயதைக் கடந்தவர். கண்ணாடியை எடுக்கவே வேண்டாம், ஒன்றரை அடி உயர்த்தி நான்கு பக்கமும் சாய்வுச் சட்டம் அடித்துவிட்டால் மழை வராது, வெக்கை தானே ஏறிப் போய்விடும் என்றார். தொடக்கத்திலேயே சொன்னாராம், வரைபடத்தில் இல்லை என்று விட்டுவிட்டார்களாம். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். சட்டத்துக்கு நல்ல பழைய அயினி வேண்டுமே என்றார். ஆசாரி சற்று யோசித்துவிட்டு, இறச்சகுளம் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருப்பதாகவும், பாகம் முடிந்துவிட்டதாகவும், தை பிறந்ததும் பிரிக்கப் போவதாகவும் சொன்னார்.