லைன் வீட்டை டிரஸ்ட்டுக்கு விற்பது: சில கணக்குகள்

திருப்பூரில் லைன் வீடு என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒரே வரிசையில் பத்துக்குப் பத்து அறைகள், பொதுக் குழாய், கடைசியில் பொதுக் கழிப்பறை. பனியன் கம்பெனிக்கு நடந்தே போய்விடலாம் என்பதற்காகத் தென்மாவட்டக் குடும்பங்களும், இப்போது ஒடிசா, பீகார் ஆட்களும் அதில் குடியிருக்கிறார்கள். கட்டியவருக்கு வயதாகி, பிள்ளைகள் வெளியூரில் செட்டில் ஆனதும் இடம் விலைக்கு வரும். வாங்குகிறவர் இடித்துவிட்டு குடோன் கட்டுவார். குடியிருந்தவர்கள் இன்னும் தள்ளிப் போவார்கள்.

அனுப்பர்பாளையம் பக்கம் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வேறு மாதிரி யோசித்தார். "விலை கொஞ்சம் கம்மியானாலும் பரவால்லீங்க தம்பி, இருக்கறவங்களக் கிளப்பாத ஒரு டிரஸ்ட்டுக்குக் குடுத்தரலாம்" என்றார். நான் கோடு எழுதுகிறவன், ஆடிட்டர் இல்லை. ஆனால் சட்டப் பிரிவைப் படிப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி. 2025ல் வந்த புதிய சட்டத்தில் எண்கள் மாறுகின்றன.

முதல் சிக்கல் பிரிவு 50சி. கைடுலைன் மதிப்புக்குக் கீழே விற்றால், கைடுலைன் மதிப்பே உங்கள் கைக்கு வந்ததாக வைத்து மூலதன ஆதாய வரி போடுவார்கள். ஏன் குறைத்தீர்கள், யாருக்குக் குறைத்தீர்கள் என்பதெல்லாம் கேள்வியே இல்லை. கறுப்புப் பணத்தைப் பிடிக்க விரித்த வலை. தர்மம் செய்கிறவரும் அதிலேயே மாட்டுகிறார்.

ஒரு உதாரணம். கைடுலைன் 60 லட்சம், வாங்கிய செலவு 10 லட்சம், டிரஸ்ட்டுக்கு 40 லட்சத்துக்குத் தருகிறீர்கள். உண்மையான லாபம் 30 லட்சம்; 12.5 சதவீதத்தில் வரி 3.75 லட்சம். ஆனால் சட்டம் 50 லட்சம் லாபம் என்று பார்க்கும், வரி 6.25 லட்சம். (செஸ் சேர்க்கவில்லை. பழைய சொத்துக்கு இண்டெக்சேஷனோடு 20 சதவீதம் என்ற வழியும் உண்டு.) இரண்டரை லட்சம் அதிகம். பெரியவரிடம் சொன்னேன். "வாங்காத காசுக்கு எதுக்குங்க வரி?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

சரி, 60 லட்சத்துக்கே விற்று, 20 லட்சத்தை நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்து 80ஜி கேட்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நீண்டகால மூலதன ஆதாயத்திலிருந்து அந்தக் கழிவு கிடையாது. மற்ற வருமானத்திலும் பத்து சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. பென்ஷனும் வாடகையும் வாங்குகிற ஒருவருக்கு இதில் மிஞ்சுவது அற்பம்.

வேலை செய்கிற வழிகள் வேறு. ஒன்று, எதிலிருந்து குறைக்கிறோம் என்று பார்ப்பது. ஊர் விலை 90 லட்சம், கைடுலைன் 60 லட்சம் என்றால், 60க்கு விற்பதில் 50சி தலையிடாது. விட்டுக்கொடுத்த 30 லட்சத்துக்கு வரியும் கிடையாது. கைடுலைனுக்குக் கீழேயும் சிறிது இடம் உண்டு: கைடுலைன் மதிப்பு விற்பனை விலையின் 110 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். மேலே சொன்ன கணக்கில் சுமார் 54.55 லட்சம் வரை இறங்கலாம். அதற்கும் கீழே போக வேண்டுமானால், விற்பனையையும் தானத்தையும் பத்திரத்திலேயே பிரிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மூன்றில் இரண்டு பங்கை 40 லட்சத்துக்குக் கிரயம், மூன்றில் ஒரு பங்கைத் தானம். தனிநபர் தானமாகக் கொடுப்பது பிரிவு 47ன்படி வரிக்குரிய கைமாற்றம் ஆகாது. வரி சுமார் 4.17 லட்சத்தில் நிற்கும். இதை ஆடிட்டரிடம் காட்டாமல் செய்ய வேண்டாம். சொத்து பார்ட்னர்ஷிப் பெயரில் இருந்தால் 2024 பட்ஜெட்டுக்குப் பிறகு இந்த வழி அடைபட்டுவிட்டது. தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டுமே. வாங்கும் டிரஸ்ட்டுக்கு 12ஏபி பதிவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் பக்கமும் வரி வரும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். டிரஸ்ட் தன் பட்ஜெட்டில் இதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது சிக்கல் பணம் அல்ல. 'ஏழைத் தொழிலாளர்களுக்கு மட்டுமே வாடகைக்கு விட வேண்டும்' என்று கிரயப் பத்திரத்தில் எழுதினால் போதுமா? போதாது. சொத்து மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 11: முழு உரிமையையும் கொடுத்துவிட்டு, அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று கட்டளை போட்டால், வாங்கியவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. விற்கக் கூடாது என்று தடை போட்டாலும் பிரிவு 10ன்படி செல்லாது. குத்தகை அப்படியல்ல. நீண்டகாலக் குத்தகையில் நிபந்தனை எழுதலாம், மீறினால் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையையும் எழுதலாம்.

நம் பக்கத்து முன்னுதாரணம் நிலத்தில் இருக்கிறது. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்த வட்டாரத்திலேயே வேலை செய்தார்கள். 1981ல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, மிராசுதாரர்களிடம் விலை பேசி, கடன் ஏற்பாடு செய்து நிலம் வாங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரிலேயே பதிந்து கொடுத்தார்கள். உரிமையை அமைப்பு தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்கு முன் அவர்கள் இருந்த கிராமதான இயக்கத்தின் யோசனை நேர்மாறானது: நிலம் ஊருக்குப் பொது, உழுகிறவருக்கு அனுபவ உரிமை. அந்த யோசனை கடல் தாண்டி, 1969ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின விவசாயிகளுக்கான 'நியூ கம்யூனிட்டீஸ்' ஆனது. சமூக நில அறக்கட்டளை என்ற வகையே அங்கிருந்துதான் கிளம்பியது: மண் அறக்கட்டளையிடம், வீடு குடியிருப்பவரிடம், நடுவில் 99 ஆண்டுக் குத்தகை. ஆனால் நியூ கம்யூனிட்டீஸ் 1985ல் தன் நிலத்தையே கடனுக்கு இழந்தது.

அதனால் பெரியவரிடம் இரண்டு காகிதங்களைக் கேட்டு வாங்கச் சொன்னேன். ஒன்று டிரஸ்ட் டீட்: நோக்கத்தில் ஏழைகளுக்கான குடியிருப்பு என்று இருக்கிறதா, சொத்தை விற்கும் அதிகாரம் டிரஸ்டிகளுக்கு எவ்வளவு, கலைத்தால் சொத்து எங்கே போகும். இன்னொன்று அவர்கள் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு. இந்த லைன் வீட்டையே அடமானம் வைத்துத்தான் வாங்கப் போகிறார்கள் என்றால், வாடகை வரவில் தவணை கட்ட முடியுமா என்று உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.