குறுக்கு வலியும் குடிநீரும்

பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ அரூரிலோ, ஐம்பது வயதைக் கடந்த ஒரு குடியானவர் குறுக்கு வலிக்கிறது என்று சொன்னால், சுளுக்கு எடுப்பவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறார். எலும்பு வைத்தியர் கட்டுப் போடலாம் என்கிறார். கைப்பேசியில் கைரோபிராக்டிக் சிகிச்சையின் விந்தைகளைப் பார்த்துப் பழகிய பேரனோ, முதுகில் சடக்கென்று ஒரு சொடக்கெடுத்து ஆளை நிமிர்த்திவிடும் நிபுணரிடம் பெங்களூருக்கே தாத்தாவை அழைத்துப் போய்விடலாமா என்று யோசிக்கிறான். இவர்களுள் எவரும் அந்த முதுகில் கை வைப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இந்தத் தர்மபுரி ஜில்லாவில் உண்டு. இத்தனை வருஷங்களாக அவர் குடித்த தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பதே அது.

கைரோபிராக்டிக்கும் எக்ஸ்ரேயும் ஏறக்குறைய உடன்பிறந்தவை. 1895-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவில் ஐயோவா மாகாணத்து டாவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டி. டி. பால்மர் என்பவர், காது மந்தமான ஒரு தொழிலாளியின் முதுகெலும்பில் துருத்தி நின்ற கணுவை அழுத்திச் சரிசெய்ததாகவும், அதனால் அம்மனிதருக்குச் செவிப்புலன் திரும்பியதாகவும் சொல்லி, ஒரு புதிய சிகிச்சை முறையையே ஸ்தாபித்துவிட்டார். அதே வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி, ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்து ஆய்வுக்கூடத்தில் ரான்ட்ஜன் எக்ஸ் கிரணங்களைக் கண்டார். கணுக்கள் இடம் பெயர்வதே வியாதிகளின் மூலம் என்ற சித்தாந்தத்துக்குப் பிரத்தியட்சப் பிரமாணம் தேடிய பால்மரின் குமாரர் பி. ஜே. பால்மர், 1910-இல் எக்ஸ்ரே கருவியைத் தம் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அன்று தொட்டு, வந்த நோயாளியின் முதுகைப் படம் எடுப்பதும், படத்தின்மேல் கோடு கிழித்துக் கோணம் அளந்து காட்டுவதும் அத்தொழிலில் பலருக்குச் சம்பிரதாயமாகிவிட்டன. தம் முதுகெலும்பு கோணியிருப்பதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்ட மனிதர், அதன் பிறகு எத்தனை தவணை வரச்சொன்னாலும் மறுக்கமாட்டார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் படத்தில் தெரிகிற கோணலுக்கும் உடம்பில் தெரிகிற வலிக்கும் உள்ள சம்பந்தம் நாம் நினைப்பதுபோல் நெருக்கமானதன்று. முதுகு வலியே இல்லாத 3,110 பேரை ஸ்கேன் செய்து பார்த்த பல ஆராய்ச்சிகளை 2015-இல் ஒன்றுதிரட்டிப் பரிசீலித்தபோது, இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகுத்தட்டுத் தேய்வு காணப்பட்டது. அதாவது தேய்மானம் என்று நாம் அஞ்சுவதில் பெரும்பகுதி, தலைமயிர் நரைப்பதைப் போன்ற வயதின் லட்சணமே. மேலும், இடுப்பு முதுகை ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பதால் உடம்பில் ஏறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 1.5 மில்லி சீவர்ட். பூமியிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதனுக்கு இயற்கையாக ஒரு வருஷத்தில் கிடைப்பது சராசரியாக 2.4. ஆகவேதான், அபாய அறிகுறி எதுவும் இல்லாதபோது, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே 2017-இல் தன் அங்கத்தினர்களுக்குச் சொல்ல நேர்ந்தது. கீழே விழுந்த அடி, விடாத காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு வந்த புற்றுநோய், கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவை அபாய அறிகுறிகள். அப்போதுங்கூடப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. க்ஷயரோகம் முதுகெலும்பை அரிக்கும்போது, எலும்பின் தாதுப்பொருளில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் அது புலப்படுகிறது.

இந்தப் பொது விதியோடு கட்டுரையை முடித்துவிடலாம், தர்மபுரி என்ற ஊர் இல்லாதிருந்தால். இங்கே பூமிக்கடியில் இருப்பது கடினப் பாறை. அப்பாறையிலுள்ள அபடைட், பயோடைட் முதலிய கனிமங்களிலிருந்து புளோரைடு கசிந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. மழை குறைவு, ஆகையால் கிணறு ஆழமாகிறது. ஆழமான ஆழ்துளைக் கிணற்று நீரோ பாறையோடு நெடுங்காலம் உறவாடி வந்த நீர். ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் புளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அவ்வளவையும் மீறிய நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பற்களில் காவி ஏறுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதே நீரை இருபது முப்பது வருஷங்கள் குடித்த பெரியவர்களின் எலும்பில் நடப்பதோ வெளியே தெரிவதில்லை.

அதை முதன்முதலாக உலகுக்குக் காட்டியதும் எக்ஸ்ரேதான். 1932-இல் கோபன்ஹேகன் நகரத்தில், கிரையோலைட் என்னும் புளோரின் கலந்த கனிமத்தை அரைக்கும் தொழிலாளரின் நுரையீரலைச் சோதிக்க எடுத்த படங்களில், மோலர், குட்ஜான்சன் என்ற இரு டாக்டர்கள், நுரையீரலை விட்டுவிட்டு எலும்புகளைக் கண்டு திகைத்தார்கள். அவை அளவுக்கு மீறி வெளுத்து, இறுகிக் கிடந்தன. ஐந்தே வருஷங்களில், 1937-இல், ஷார்ட், மக்ராபர்ட் முதலிய டாக்டர்கள் அக்காலத்துச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவின் கிராமத்தார்களிடம் இதே எலும்பு நோயைக் கண்டு எழுதினார்கள். தொழிற்சாலையின் தூசி அங்கே செய்ததை இங்கே கிணற்று நீர் செய்திருந்தது.

புளோரோசிஸ் எனப்படும் இந்நோயில் இடுப்பெலும்பும் முதுகெலும்புமே முதலில் பாதிக்கப்படுகின்றன. எலும்பின் உள்வலை மங்கி, படம் ஒரே வெள்ளையாகத் தோன்றுகிறது. பின்னர்க் கணுக்களின் ஓரங்களில் முட்கள் முளைக்கின்றன. கணுவையும் கணுவையும் பிணைக்கும் நார்கள் சுண்ணமேறிக் கெட்டிப்படுகின்றன. கடைசியில் முதுகு முழுவதும் வளையாத ஒரே கழியாகி, தண்டுவடம் செல்லும் பாதையும் குறுகிக் கால்கள் வலுவிழக்கின்றன. படத்தில் இவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிற எலும்பு பலமானது என்று எண்ணிவிடக் கூடாது. அது கனத்ததே தவிர உறுதியானதன்று. வளைய மறுக்கும் இத்தகைய முதுகைத் திடீரென்று முறுக்கிச் சொடக்கெடுப்பது, விறைப்பைப் போக்குவதற்கு மாறாக எலும்பை முறித்துவிடவோ, ஏற்கெனவே நெருக்குண்ட தண்டுவடத்தை நசுக்கிவிடவோ கூடும். அதைச் செய்பவர் பட்டம் பெற்றவரா, பரம்பரை வைத்தியரா என்பது அந்த எலும்புக்குத் தெரியாது.

எக்ஸ்ரேக்கு முன்பே செய்து பார்க்கக்கூடிய எளிய பரீட்சைகள் உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து காலின் பெருவிரலைத் தொடமுடிகிறதா, மோவாய் மார்பில் படுகிறதா, இரு கைகளையும் பிடரிக்குப் பின்னால் கோத்துக்கொள்ள முடிகிறதா என்று பார்ப்பார்கள். இவை மூன்றும் தவறினால் அது வெறும் வாதமாகவும் இருக்கலாம். ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீர், வீட்டுப் பிள்ளைகளின் காவிப்பல், இந்த விறைப்பு ஆகியவை ஒன்றுசேர்ந்தால், சொடக்கை ஒத்திவைத்துவிட்டுப் படம் எடுப்பதே முறை. 2008-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே தர்மபுரியில் இருக்கிறபடியால், இதற்காகப் பெங்களூர் போகவேண்டியதில்லை.

காவிரி ஒகேனக்கல்லில் பாறைகளின்மேல் புரண்டு இதே ஜில்லாவின் வழியாகப் போய்க்கொண்டிருக்க, மேட்டு நிலத்துக் கிராமங்கள் பாறைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த விசித்திரம் தீர, 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. காவிரி நீரைக் குடித்து வளரும் குழந்தைகளுக்கு அது பெரும் பாதுகாப்பு. ஆனால் எலும்பில் ஒருமுறை குடியேறிய புளோரைடு வெளியேறப் பல வருஷங்கள் பிடிக்குமாகையால், பழைய கிணறுகளின் கணக்கு இன்றைய முதியவர்களின் முதுகில் இன்னும் தீரவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருவர் குறுக்கு வலி என்று போய் நிற்கும்போது, விவரமறிந்த டாக்டர் அவருடைய முன்கையையும் படம் எடுக்கச் சொன்னால், ஆள் மாறிவிட்டதோ என்று உறவினர்கள் கலவரப்பட வேண்டியதில்லை. முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையேயுள்ள மெல்லிய சவ்வில் சுண்ணமேறியிருப்பது இந்நோயின் தெளிவான அடையாளங்களுள் ஒன்று. முதுகுப் படத்தில் ஏறும் கதிர்வீச்சில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தக் கைப்படத்தில் இல்லை.