டிக்கிக்குள் ஒரு தவில்

கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்ற வழியில்லை. பாஸ் இல்லாமல் கேட்கவும் மனமில்லை. காரில் சப்வூஃபர் பொருத்துபவர்கள் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார்கள், வயரைப் பார்ப்பதில்லை.

டெல்லியில் கரோல்பாக், பெங்களூரில் ஜே.சி. ரோடு, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஊர் மாறினாலும் காட்சி மாறுவதில்லை. ஷோரூமை விட்டு வந்து சில வாரங்களே ஆன கார் ஒன்று கடை வாசலில் நிற்கும். சீட்டுகளை நகர்த்தி, தரைவிரிப்பைப் புரட்டிப் போட்டுவிட்டு, ஒரு இளைஞர் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து வயர் இழுத்துக்கொண்டிருப்பார். காரின் சொந்தக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாட்டில் அடி விழ வேண்டும்.

மாருதி 800 காலத்தில் இது சுலபமான விவகாரம். பெரும்பாலான கார்கள் டாஷ்போர்டில் ஒரு காலிப் பொந்தோடுதான் வந்தன. அதில் எந்த கேசட் பிளேயரை வேண்டுமானாலும் சொருகலாம். பிடிக்காவிட்டால் கழற்றி வேறு மாட்டலாம். இன்றைய காரில் ஸ்டீரியோ என்பது தனிப் பொருளே அல்ல. ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பட்டன்கள், சில கார்களில் ஏ.சி.யும் கூட அந்தத் தொடுதிரையோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. திரையைப் பிடுங்கினால் பாதிக் காரைப் பிடுங்கிய மாதிரி. ஆகவே கம்பெனி திரையை அப்படியே விட்டுவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபையரையும் சப்வூஃபரையும் சேர்ப்பதே இப்போதைய வழக்கம்.

விலை உயர்ந்த கார்களுக்கு இந்தக் கவலை குறைவு. கியா செல்டாஸின் உயர்ரக மாடல்களில் 2019லேயே போஸ் வந்துவிட்டது. 2021ல் மஹிந்திரா எக்ஸ்யூவி700 சோனியின் 12 ஸ்பீக்கர்களோடு வந்தது. அலைச்சல் எல்லாம் நான்கு ஸ்பீக்கர் ஹாட்ச்பேக் வாங்கியவர்களுக்குத்தான்.

அந்த நான்கு ஸ்பீக்கர்களில் அடி ஏன் விழுவதில்லை? காரின் மின்சாரம் 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது சுமார் 14. அதை உயர்த்தாமல் அப்படியே பயன்படுத்தும் சாதாரண ஸ்டீரியோ, 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப்படி 25 வாட்டுக்கு மேல் தர முடியாது. பிசிறில்லாமல் தருவது 20 வாட்டுக்குள். அட்டையில் 50 வாட் பெருக்கல் 4 என்று அச்சிட்டிருப்பது விளம்பரத்துறையின் கற்பனை. இன்னொரு பக்கம், சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் அதே சத்தத்துக்கு ஸ்பீக்கர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். பாஸ் கிதாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கதவுத் தகட்டில் பொருத்திய ஆறு அங்குல ஸ்பீக்கர் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பாதியில் மூச்சு வாங்குகிறது. தவிலின் இடப்பக்கம் வெறும் ‘தப்’பாகக் கேட்பது இதனால்தான்.

தனி ஆம்ப்ளிஃபையர் செய்யும் முக்கிய வேலை, 12 வோல்ட்டைத் தனக்குள்ளேயே உயர்த்திக்கொள்வது. அதற்குப் பாட்டு எங்கிருந்து வரும்? கம்பெனி ஸ்டீரியோக்கள் பலவற்றில் அதற்கென்று தனி அவுட்புட் இருப்பதில்லை. பின் ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த சிக்னலைக் குறைத்துக் கொடுக்கும் சின்னக் கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் போடுவார்கள். நேரடியாக ஸ்பீக்கர் வயரையே ஏற்கும் ஆம்ப்ளிஃபையர்களும் உண்டு. ஒரு சூட்சுமம்: சின்ன ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருக்க, சில ஸ்டீரியோக்கள் வால்யூம் ஏற ஏற பாஸைத் தாங்களே குறைத்துவிடும். இதை அறியாமல் பெரிய வூஃபர் வாங்கியவர், மெதுவாக வைத்தால் அதிர்கிறது, சத்தமாக வைத்தால் அடங்கிவிடுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். கோளாறு வூஃபரில் இல்லை. குறைத்த பாஸை மீட்டுத் தரும் கருவிகள் தனியாகக் கிடைக்கின்றன.

பெட்டியை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. டெல்லியிலும் மும்பையிலும் குஜராத்திலும் ஓடும் ஏராளமான கார்களின் டிக்கியை சிஎன்ஜி சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது. (2023ல் வந்த டாடா அல்ட்ரோஸ் சிஎன்ஜி, சிலிண்டரை இரண்டாக்கித் தரைக்கு அடியில் தள்ளி டிக்கியைக் காப்பாற்றியது.) சீட்டுக்கு அடியில் நுழையும் எட்டு அங்குலத் தட்டை வூஃபர்களுக்கு வரவேற்பு இருப்பது இதனால்தான். ஆம்ப்ளிஃபையரும் அதற்குள்ளேயே அடக்கம். விலை பெரும்பாலும் 10,000 முதல் 25,000 ரூபாய்க்குள். டிக்கியில் வைக்கும் 12 அங்குலப் பெட்டியின் அதிர்வை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் பாட்டில் காணாமல் போன கீழ்ப்பகுதி திரும்பி வந்துவிடும். குடும்பத்தோடு பயணம் செய்பவர்களுக்கு இதுவே போதும்.

இத்தனையும் பேசி முடித்து, பில் போடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. பேரம் பேசிக் குறைக்கப்படும் கடைசி ஐட்டம் வயர்.

500 வாட் ஆம்ப்ளிஃபையர் முழு மூச்சில் வேலை செய்தால் 45, 50 ஆம்பியர் இழுக்கும். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 100 ஆம்பியருக்குள் தருவது, ஏ.சி. விசிறி, ஹெட்லைட் எல்லாவற்றுக்கும் அதுவே படியளக்க வேண்டும். (மின்சாரக் கார்களில் ஆல்டர்னேட்டரே கிடையாது; சின்ன 12 வோல்ட் பேட்டரியை நம்பி இவ்வளவு சுமை ஏற்றுவதற்கு முன் இன்னும் யோசிக்க வேண்டும்.) இவ்வளவு மின்சாரம் போகும் வயர், முன்னால் உள்ள பேட்டரியிலிருந்து டிக்கி வரை நான்கைந்து மீட்டர் ஓடுகிறது. மலிவு கிட்டில் இருப்பது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். வெளித்தோற்றத்தில் தடிமனாக இருக்கும், பாதி ரப்பர்தான். அதே தடிமன் செம்பைவிட மின்தடை அதிகம், சூடும் அதிகம். முனையைச் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும். கடையிலேயே சுரண்டிப் பார்ப்பதில் தவறில்லை.

வயர் இன்ஜின் பகுதியிலிருந்து உள்ளே வரும் இடத்தில் இரும்புத் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். ரப்பர் வளையம் இல்லாமல் நுழைத்தால், குழியிலும் மேட்டிலும் உரசி உரசி உறை கிழியும். கிழிந்த வயர் தகட்டைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டும். வயர் பழுத்து, பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக்கும் தரைவிரிப்பும் பற்றிக்கொள்ளும். ஆம்ப்ளிஃபையரில் ஏற்கெனவே ஃப்யூஸ் இருக்கிறதே என்பது வழக்கமான பதில். அது டிக்கியில் இருக்கிறது, கிழிந்தது முன்னால். பேட்டரிக்கு அருகே, 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃப்யூஸ் இருந்தே தீர வேண்டும். அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்கல்ல, வயரைக் காப்பதற்கு.

எர்த் வயருக்கும் இதே மரியாதை தேவை. பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். சிக்னல் வயரை பவர் வயரோடு சேர்த்துக் கட்டினால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டோடு ஒரு கொசுவும் சேர்ந்து பாடும். காரின் இரு பக்கமாகப் பிரித்துக் கொண்டுபோனால் அது பெரும்பாலும் வராது.

காரின் சொந்த வயர்களை வெட்டினால் வாரண்டி போய்விடும் என்பது டீலர்களின் பயமுறுத்தல். முழுக்க வெறும் மிரட்டலும் அல்ல. வெட்டிய இடத்தில் கோளாறு வந்தால் கம்பெனி கை விரித்துவிடும். அந்தந்த மாடலுக்கென்று வரும் கப்ளரைச் சொருகினால் கத்திக்கு வேலையில்லை. நாளை காரை விற்கும்போது எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொள்ளவும் முடியும்.

இன்ஷூரன்ஸை யாரும் நினைப்பதே இல்லை. கம்பெனியில் பொருத்தி வராத மின்சாதனங்களின் மதிப்பைத் தனியாகத் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். இந்திய மோட்டார் டாரிஃபில் இதற்கு ஐஎம்டி-24 என்று பெயர். அதில் விதித்திருப்பது பொருளின் மதிப்பில் 4 சதவீதம். 30,000 ரூபாய் சாமானுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய், வரி தனி. தெரிவிக்காமல் விட்டால் கார் திருடுபோகும்போது வூஃபருக்குப் பணம் வராது. தீப்பிடித்தாலோ, சர்வேயர் முதலில் தேடுவது வெளியில் போட்ட வயரைத்தான். பில் இல்லாமல் வரியை மிச்சம் பிடித்தவர்கள் அப்போது காட்டுவதற்குக் கையில் எந்தக் காகிதமும் இருக்காது.