வானிலிருந்து நிழற்படம்: கலையும் கடமையும்

உயர நின்று தாம் வாழும் நிலத்தை நோக்க வேண்டுமென்னும் வேட்கை மாந்தர்க்கு இயல்பானது. பிரான்சு தேசத்து நடார் என்பார் 1858ஆம் ஆண்டில் வாயுக்கூண்டிலேறி முதன்முதலாக வானிலிருந்து படமெடுத்தார். அந்நாட்டவரான ஆர்தர் பத்தூ 1888இல் பட்டமொன்றிற் கமராவைக் கட்டி, மெல்ல எரியும் திரியினால் அதனை இயங்கச் செய்தார். நம் இலங்கைத் தீவு முழுவதும், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியுடன், 1956இல் விமானத்திலிருந்து படமெடுக்கப்பட்டது.

அன்று அரசுகளுக்கே இயன்ற இச்செயல் ஆளில்லாச் சிறுவிமானமாகிய ட்ரோனின் வருகையால் இன்று தனியொருவர்க்கும் எளிதாயிற்று. பெரும்பாலானவை இலக்கமுறைக் கமராவையே தாங்குவன. எனினும், படச்சுருட் கமராவை ஏற்றிப் பறக்கவிடும் ஆர்வலரும் உளர்.

இதன் முறை யாதெனிற் கூறுவோம். சுருளைத் தானே நகர்த்தும் இலேசான கமரா வேண்டும். அதன் பாரம் விமானத்தின் நடுவே அமைதல் வேண்டும். விசிறிகளின் அதிர்வு படத்தைக் கலைக்குமாதலால், 400 வேகமுடைய சுருளையிட்டு, செக்கனில் 500இல் ஒரு பங்கு நேரமே ஒளிபுக விடுதல் நன்று. பண்டாரவளை ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்திலுள்ளது. ஈண்டுக் காற்றின் அடர்த்தி பத்திலொரு பங்களவு குறைவு. எனவே விசிறிகள் விரைந்து சுழலும், மின்கலம் விரைந்து தளரும். மலைகடந்து இறங்கும் கச்சான் காற்று வீசும் நாட்களிற் பறக்கவிடாமையே அறிவுடைமை.

இனிக் கடமையை நோக்குவோம். ஒரு கிலோ எடையுள்ள பொருள் 50 மீற்றர் உயரத்திலிருந்து வீழுமாயின், காற்றுத்தடையை நீக்கிக் கணக்கிட, மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தை அடையும். ஆதலாற் கொழுந்து பறிப்போரின் நிரைக்கு மேலே பறத்தலாகாது. குளவிக் கொட்டினால் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்தமை நாம் அறிந்ததே. கூடுகள் உள்ள மரங்களை அணுகுதலும் ஆகாது. லயங்களும் பீலிக்கரைகளும் மக்கள் குளித்தும் துவைத்தும் வாழுமிடங்கள். அவர்தம் இசைவின்றி அவற்றைப் படமெடுத்தல் அயலார் வீட்டுள் எட்டிப் பார்ப்பதை ஒக்கும். படைமுகாமுள்ள தியத்தலாவை அண்மையிலுள்ளது என்பதையும் மறத்தலாகாது. 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளின் பின்னர் ட்ரோன் பறத்தல் நாடெங்கும் சில காலம் தடைசெய்யப்பட்டது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளை அறிந்து, வேண்டிய அனுமதியைப் பெற்ற பின்னரே பறக்கவிடல் வேண்டும்.

இத்துணைக் கட்டுப்பாடுகளுக்கிடையே படமெடுப்பதன் பயன் யாதென வினவலாம். 1906இல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் சான்பிரான்சிஸ்கோ அழிந்தபோது, ஜோர்ஜ் லோரன்ஸ் பட்டங்களால் உயர்த்திய கமராவினால் எடுத்த படம் அவ்வழிவின் பரப்பை உலகிற்கு உணர்த்திற்று. நம் ஊவாவில், 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. ஒரு மலைச்சரிவை ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து, ஒரே பருவத்திற் படமெடுத்து ஒப்பிட்டால், நிலவெடிப்பும் நீரோடையின் மாற்றமும் புலப்படக்கூடும். அவற்றை உரிய வல்லுநர்க்குக் காட்டுதல் பெருந்தொண்டாகும்.

சுருளில் 36 படங்களே உண்டு. எடுத்ததை உடனே பார்த்தலும் இயலாது. எனவே எங்கே, எதற்காக, யாருடைய இசைவுடன் என்பவற்றை நிலத்தில் நின்றே முடிவுசெய்ய நேர்கிறது. அச்சிந்தனையே பாதுகாப்பான பறத்தலுக்கும் அடிப்படையாகும். நம் இளைய மாணாக்கர் இக்கலையைப் பயில்வாராயின், கீழே வாழ்வோரை முதலில் எண்ணிப் பயில்வாராக.