மந்தைவெளியில் பிறந்த ஆட்டம்

காவிரிப் படுகையில் கோல்ஃப் மைதானங்களைப் பற்றிப் பேசுவது வியப்பாகத் தோன்றலாம். மண்ணியாற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் திருப்பனந்தாள் வட்டாரத்தில் நூறு ஏக்கர் நிலம் என்றால், அது பல குடும்பங்களின் ஆண்டுச் சோறு. 18 குழிகள் கொண்ட ஒரு முழு மைதானத்துக்கு அதைவிடக் கூடுதலான நிலம் தேவைப்படும். ஆயினும், மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு, ஊர்க்குளம் ஆகியவற்றைப் பொதுவில் வைத்து வாழ்ந்த மக்களுக்கு இந்த ஆட்டத்தின் வரலாறு அந்நியமானதன்று.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் 'பழைய மைதானம்' இவ்வாட்டத்தின் தாய்வீடாகக் கருதப்படுகிறது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தை அங்கு 'லிங்க்ஸ்' என்பர். ஏர் பூட்ட உதவாத அந்த மண்ணில் ஆடு மேய்ந்தது, முயல் பெருகியது, மக்கள் விளையாடினர். வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறு என்று 1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃப் ஆட்டத்தைத் தடை செய்யும் அளவுக்கு அது பரவியிருந்தது. 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் வழங்கிய சாசனம், அந்நிலத்தில் விளையாடும் உரிமை நகர மக்களுக்கு உண்டு என்பதை உறுதி செய்தது.

அந்த மைதானத்தை யாரும் வரைபடம் போட்டு உருவாக்கவில்லை. மழையும் காற்றும் ஆடுகளும் வடித்த மேடுபள்ளங்களே அதன் வடிவமைப்பு. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் பறித்த பள்ளங்களே பின்னாளில் 'பங்கர்' எனும் மணற்பள்ளங்களாயின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். 22 குழிகளாக இருந்த ஆட்டச் சுற்று, 1764-இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. உலகம் முழுவதும் இன்று 18 குழிகள் இருப்பதன் மூலம் இதுவே. குறுகிய நிலத்தில் சென்ற வழியே திரும்பி வர வேண்டியிருந்ததால், இரண்டு குழிகள் ஒரே புல்தளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அவ்வாறு பகிரும் குழிகளின் எண்களைக் கூட்டினால் 18 வரும்: இரண்டாவதும் பதினாறாவதும், மூன்றாவதும் பதினைந்தாவதும் என்றவாறு.

இதற்கு நேரெதிரான மரபைச் சேர்ந்தது அமெரிக்காவின் அகஸ்டா. பழமரக் கன்றுகள் வளர்த்த ஒரு பண்ணையை வாங்கி, ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸும் வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சியும் சேர்ந்து உருவாக்கிய அம்மைதானம் 1933-இல் திறக்கப்பட்டது. மெக்கென்சி மருத்துவர். போயர் போரில் பணியாற்றியபோது, நிலத்தோடு நிலமாக மறைந்து நின்று போரிடும் உத்தியைக் கண்டவர். செயற்கை மேடுகளும் இயற்கையானவை போலவே தோன்ற வேண்டும் என்ற தம் கொள்கைக்கு அதைப் பாடமாகக் கொண்டார். அழகில் அகஸ்டாவுக்கு இணை அரிது. ஆனால், அந்தத் தனியார் மன்றம் கருப்பினத்தவர் ஒருவரை உறுப்பினராக ஏற்றது 1990-இல். பெண்களை ஏற்றது 2012-இல்.

இந்தியாவுக்கு இவ்வாட்டம் ஆங்கிலேயருடன் வந்தது. 1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் மன்றம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானது. கங்கைப் படுகையின் தட்டையான வண்டல் நிலத்தில் மேடுபள்ளம் ஏது? அங்கு ஆட்டக்காரரைச் சோதிப்பவை குளங்களே. கொழும்பிலுள்ள ராயல் கொழும்பு மைதானத்தின் ஊடே களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை செல்கிறது. தமிழகத்தில் கொடைக்கானல் மன்றம் 1895-இல் தொடங்கப்பட்டது. உதகையின் மைதானம் வென்லாக் டவுன்ஸ் எனப்படும் மலைப் புல்வெளியில் அமைந்தது.

உதகையைப் பற்றி நாம் கவலைப்பட ஒரு காரணம் உண்டு. நீலகிரியின் புல்வெளிகளும் சோலைகளும் மழையை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுபவை. அந்நீர் பவானி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. மலைச் சரிவில் புல்வெளி எப்படிப் பேணப்படுகிறது என்பது டெல்டா உழவரையும் தொடும் செய்தி. இயற்கைப் புல்வெளியை அப்படியே விட்டு ஆடும் மைதானத்துக்கும், அதை அழித்து உரமும் பூச்சிக்கொல்லியும் இட்டுப் பராமரிக்கும் மைதானத்துக்கும் உள்ள வேறுபாடு, ஆற்று நீரில் தெரியும்.

சென்னை கிண்டி இன்னொரு பாடம். அங்கே குதிரைப் பந்தயத் தடத்தின் உட்புறத்தில் கோல்ஃப் மைதானம் அமைந்திருந்தது. சுமார் 160 ஏக்கர் அரசு நிலம், 1945-இல் ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம் வாடகையில் 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை நிலுவை 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று கூறிய தமிழக அரசு, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்தியது. விவகாரம் நீதிமன்றம் சென்றது. வேளச்சேரிப் பகுதியின் வெள்ளத்தைத் தணிக்க அங்கே குளங்கள் வெட்டும் பணியும் தொடங்கப்பட்டது.

இதை விளையாட்டுக்கும் பொதுநலனுக்கும் இடையிலான பகையாகக் காண வேண்டியதில்லை. குளம் கல்கத்தாவில் மைதானத்தின் உறுப்பாகவே இருக்கிறது. வெள்ளநீரை வாங்கி வைக்கும் பசும்பரப்பு மாநகருக்கு வரமே. சிக்கல் உரிமையில் இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் இன்றும் பொது நிலம். நாடாளுமன்றச் சட்டத்தின்படி 1974-இல் அமைந்த அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. உலகின் புகழ்பெற்ற அம்மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் இல்லை. அன்று ஊர் மக்கள் குழந்தைகளுடனும் நாய்களுடனும் உலாவுகின்றனர். ஆங்கிலேயர் ஆட்டத்தை நமக்குக் கொண்டுவந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டுவரவில்லை.

அரசு நிலத்தில் இயங்கும் எந்த மைதானத்துக்கும் மூன்று நிபந்தனைகள் விதிக்கலாம். சந்தை மதிப்பை ஒட்டி, காலமுறையில் திருத்தப்படும் வாடகை; மழைநீரைத் தேக்கும் கடமை; வாரத்தில் ஒரு நாளேனும் ஊராருக்குத் திறந்த வாயில். மந்தைவெளியையும் குளத்தையும் ஆக்கிரமிப்பால் இழந்து, மழைக்காலந்தோறும் அதன் விலையைக் கொடுக்கும் நம் ஊர்களுக்கு இவை மிகையான கோரிக்கைகள் அல்ல.